டேப் படக்கூடாத கூரை

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகிற வழியில் புதிதாகப் பிரித்த லேஅவுட் ஒன்றில் முப்பத்தேழு வீடுகள் ஒரே சமயத்தில் எழும்பிக்கொண்டிருந்தன. முப்பத்தேழுக்கும் ஒரே வைத்தியர், பூமிநாடி வெள்ளியங்கிரி சாமி. மனுஷனுக்கு நாடி பார்ப்பார்கள், மாட்டுக்குக்கூடப் பார்ப்பார்கள். இவர் வீட்டுக்குப் பார்த்தார். கதவு நிலை வைக்கும்போது ஒரு முறை, கூரை போடும்போது ஒரு முறை.

வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய வெள்ளைக் கார் வந்து நின்றால் போதும். பனியன் கம்பெனி முதலாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கருங்கல் ஜல்லிமேல் வெறுங்காலில் நிற்பார்கள். இவர்கள் யார் தெரியுமா? வெளிநாட்டுக்காரன் ஒரு டீசர்ட் ஆர்டர் கொடுத்தால், நூலுக்கு ஒரு டெஸ்ட், சாயத்துக்கு ஒரு டெஸ்ட், துவைத்தால் சுருங்குகிறதா என்று ஒரு டெஸ்ட், அத்தனைக்கும் ரிப்போர்ட் வாங்கிக் கையில் வைத்திருப்பவர்கள். ஒரு காகிதம் குறைந்தாலும் கன்டெய்னர் நகராது. அதெல்லாம் மேலே போடுகிற பனியனுக்கு. பிள்ளைகுட்டியோடு அடியில் படுத்துத் தூங்குகிற கூரைக்கு ஒரு செம்பு போதும்!

ஆமாம், செம்புதான். சாமி முதலில் ஒரு கனத்த மணைப்பலகையை வைப்பார். பலகைமேல் தண்ணீர் ததும்பும் பித்தளைச் செம்பு, தண்ணீரில் ஒரு செவ்வரளிப் பூ. பிறகு கண்ணை மூடிக்கொள்வார். வீட்டில் குற்றம் இருந்தால் செம்பு 'உர்ர்ர்' என்று உறுமும். தண்ணீர் நடுங்கும். பூ சுற்றும். வீட்டுக்காரருக்கும் தலை சுற்றும். உடனே பரிகாரம். ஈசானியத்தில் நவதானியம், அக்னி மூலையில் செம்புத் தகடு, வாசலில் இத்தனை கிலோ உப்பு. எல்லாம் காரின் டிக்கியிலேயே இருக்கும். பரிகாரம் முடிந்தால் செம்பு சாந்தமாகிவிடும். லேமினேஷன் போட்ட சர்டிபிகேட் கைக்கு வரும்.

அந்தச் சர்டிபிகேட் ஒன்று சாரதாமணியிடமும் இருந்தது. அதுதான் வேடிக்கை. சாரதாமணி எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷமாகச் செக்கிங் பார்ப்பவர். இப்போது அறுபது பெண்களுக்கு மேலே இன்சார்ஜ். கழுத்தில் எந்நேரமும் ஒரு இன்ச் டேப் தொங்கும். தோள்பட்டையில் ஒரு தையல் விட்டுப்போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்டவர் கதவு நிலை வைத்த அன்றைக்குக் கைகூப்பி நின்றார், செம்பு உறுமியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். புருஷன் திருமூர்த்தி ஆறு நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். கொமரலிங்கத்துப் பூமியில் பங்கை விற்றுக் கட்டுகிற வீடு. பயம் இருக்காதா?

சாமியைக் கூட்டிவந்தது காண்ட்ராக்டர் சுப்பண்ணன். லேஅவுட்டில் பாதி வீடு அவர் கட்டுவதுதான்.

வீட்டுக்கு வரைபடம் போட்டது திருப்பூர் ராயபுரத்து எஞ்சினியர் பெண் ரைசா. அஸ்திவாரத்தின்போது அவளே வந்து குழிக்குள் இறங்கி, கம்பியை எண்ணி, அளந்து பார்த்துவிட்டுத்தான் காங்கிரீட்டுக்குச் சம்மதம் கொடுத்தாள். அப்போது சாமி இந்தப் பக்கம் வந்திருக்கவில்லை.

"அக்கா, கூரைக்குக் கம்பி கட்டி முடிச்சதும் என்னைக் கூப்பிடுங்க. காங்கிரீட் கொட்டிட்டா உள்ளே என்ன கிடக்குதுன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

ஆனால் கூரைக்குச் சாமி ஒரு சட்டம் வைத்திருந்தார். கூரைக் கம்பிமேல் அளவு டேப் படக்கூடாது. பட்டால் பூமிநாடி அறுந்துவிடும். அளக்க ஆசைப்படுகிறவர்கள் காங்கிரீட் போட்டு நாற்பத்தெட்டாம் நாள் தாராளமாக அளந்துகொள்ளலாம். காங்கிரீட்டுக்குள் புதைந்த கம்பியை எப்படி அளப்பது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தெய்வக் குற்றம் ஆகிவிடுமே!

"எஞ்சினியர் புள்ளைய இப்ப வரச் சொல்ல வேண்டாமுங்க. சாமி நாடி பாத்துச் சொல்லிப்போடுவாரு" என்றார் சுப்பண்ணன். திருமூர்த்தி தலையாட்டினார்.

அந்த வாரந்தான் நாலு மனை தள்ளி ஒரு வீட்டின் சன்ஷேடு இடிந்து விழுந்தது. கீழே பூச்சு வேலை செய்துகொண்டிருந்த ஜார்க்கண்ட் ஆள் ஒருவனுக்குத் தொடை எலும்பு இரண்டு துண்டு. சரக்கு ஆட்டோவில் அவனைத் தூக்கிப் போட்டபோது, "பாபு, ஹாத் மத் சோடோ", கையை விட்டுடாதே என்று பக்கத்திலிருந்தவன் கையைப் பிடித்துக்கொண்டு கதறினான். சாரதாமணி பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டுக்கும் சர்டிபிகேட் உண்டு. சாமியைக் கேட்டார்கள்.

"பரிகாரத்துல உப்புக் கம்மியாப் போட்டிருக்காங்க" என்றார் சாமி. கூட்டம் 'அதானே' என்றது.

சாரதாமணி உடைந்த சன்ஷேடைப் போட்டோ எடுத்து ரைசாவுக்கு அனுப்பினார். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது.

"அக்கா, சன்ஷேடுக்குக் கம்பி மேல் பக்கம் இருக்கணும். இதுல அடியில கிடக்குது. அளந்து பார்க்கக்கூட வேண்டாம், குனிஞ்சு பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்."

குனிந்து பார்க்க வேண்டிய நேரத்தில் எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தானும்தான். சாரதாமணிக்கு நெஞ்சில் ஊசி ஏறியது.

மறுநாள் கம்பெனியில் செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருந்தார். இரும்பு டேபிள். ஒரு பெண் சட்டத்தை மீறிச் செல்போனைத் துணிக்கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். போன் வந்தது. வைப்ரேஷனில் வைத்திருந்ததால் மணி அடிக்கவில்லை. 'உர்ர்ர்' என்று டேபிள் உறுமியது. பக்கத்தில் இருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியது.

அந்தப் பெண் திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். திட்டு விழவில்லை. சாரதாமணி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, இன்னொருக்காப் போன் பண்ணச் சொல்லு" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் காலை கூரைக்குக் காங்கிரீட். காங்கிரீட்டைத் தாங்க அடித்த சென்ட்ரிங் பலகைமேல் கம்பியெல்லாம் கட்டி ரெடி. சாமி ஏணியில் ஏறினார், பின்னால் செம்பும் பலகையும் ஏறின. அதன் பின்னால் லேஅவுட்டே ஏறியது. கீழே ஆட்டோவில் வந்து இறங்கினாள் ரைசா. அவளை வரச் சொன்னது சாரதாமணி. மேலே ஏறி வந்த ரைசாவின் கையில் டேப்பைப் பார்த்ததும் சுப்பண்ணன் பதறினார்.

"ஏம்மா, அதைய உள்ள வெய்யி! நாடி அறுந்துபோகும்!"

"உள்ள வெச்சுக்கட்டுமுங்க சுப்பண்ணா. மொதல்ல சாமி பாக்கட்டும்" என்றார் சாரதாமணி.

சாமி ஈசானிய மூலையில் பலகையை வைத்தார். கண்ணை மூடினார். உர்ர்ர். பூ சுற்றியது. திருமூர்த்தியின் முகம் வெளுத்தது.

"பெரிய குத்தம். மூணு பரிகாரம் ஆகும்" என்றார் சாமி.

"பண்ணிப்போடலாமுங்க சாமி. அதுக்கு முன்னால எங்க கம்பெனிப் பழக்கம் ஒண்ணு" என்றார் சாரதாமணி. "ஒருத்தங்க செக்கிங் ஒழுங்காப் பாக்கறாங்களான்னு தெரியோணும்னா, அவங்க ரிஜெக்ட் பண்ணின பீஸையே திருப்பி அவங்ககிட்டப் போடுவோம். ரெண்டாந்தடவையும் ரிஜெக்ட்னு சொல்லோணும். அதே எடத்துல இன்னொருக்காப் பாருங்க. அப்பறம், உள்ள வாரவங்க போனை வாங்கிக் கூடையில போட்டுருவோம். அதுவும் பழக்கந்தானுங்க."

நீல நிற பிளாஸ்டிக் கூடையை நீட்டினார். கூட்டத்துக்கு இது புது மாதிரி பூஜை என்று தோன்றியிருக்க வேண்டும். பயபக்தியோடு போன்களைப் போட்டார்கள். சாமியும் போட்டார். சுப்பண்ணன் தன்னுடைய பெரிய டச் போனைப் போட்டார். ஆனால் வலது கை மட்டும் பேண்ட் பாக்கெட்டைவிட்டு வெளியே வரவில்லை. சாமி நாடி பார்க்கும்போதெல்லாம் அந்தக் கை அங்கேதான் இருக்கும். குளிர் என்று எல்லாரும் நினைத்தார்கள், வைகாசி வெயிலில்.

"சுப்பண்ணா, அந்தக் கை?" என்றார் சாரதாமணி.

"அதுல ஒண்ணுமில்லீங்க."

இதுவரை வாயே திறக்காத திருமூர்த்தி பெண்டாட்டியைப் பார்த்தார், சுப்பண்ணனைப் பார்த்தார். ஏதோ உறைத்தது.

"ஒண்ணுமில்லீன்னா எடுங்களேன்" என்று மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

வெளியே வந்தது ஒரு சின்ன பட்டன் போன். அதுவும் கூடைக்குப் போனது.

சாமி மறுபடி பலகையை வைத்தார், அதே மூலையில். கண்ணை மூடினார். ஒரு நிமிஷம். செம்பு சும்மா இருந்தது. இரண்டு நிமிஷம். பூவின்மேல் ஒரு எறும்பு ஏறி நிதானமாக நடந்தது. சாமியின் நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து மூக்குக்கு வந்தது.

"பூமாதேவி கோவிச்சுக்கிட்டா. சந்தேகப்பட்டா அவ பேசமாட்டா" என்றார்.

"பேச வெக்கறனுங்க."

சாரதாமணி கூடையிலிருந்து பட்டன் போனை எடுத்தார். பச்சைப் பட்டனை இரண்டு முறை அமுக்கினார். கடைசியாகக் கூப்பிட்ட நம்பருக்கே போகும்.

உர்ர்ர்ர்!

தண்ணீர் நடுங்கியது. பூ எறும்போடு சேர்ந்து சுற்றியது. சாரதாமணி போனைத் திருப்பிக் கூட்டத்துக்குக் காட்டினார். திரையில் பெயர் விழுந்திருந்தது: 'செம்பு'.

பின்வரிசையில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்:

"சாமி, கூப்பிடறாங்க. எடுத்துப் பேசுங்க."

திருமூர்த்தி செம்பை நகர்த்திவிட்டுப் பலகையைக் கவிழ்த்தார். நடுவில் குடைந்த பள்ளம், பள்ளத்தில் மெழுகு வைத்து ஒட்டிய இன்னொரு பட்டன் போன், சத்தம் இல்லாமல் துடித்துக்கொண்டிருந்தது. வெள்ளியங்கிரி சாமி ஏணியைப் பார்த்து நடந்தார். ஆனால் அத்தனை பேர் ஏறி நின்ற கூரையிலிருந்து இறங்க இருந்தது ஒரே ஏணி. அதன் உச்சியில் திருமூர்த்தியின் பங்காளி லிங்கசாமி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது, வெள்ளியங்கிரி மூன்று வருஷம் முன்னால் தாராபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். தொழிலை மாற்றவில்லை பாருங்கள், வாடிக்கையாளரைத்தான் மாற்றியிருக்கிறார்.

"செம்பு போகட்டும் அக்கா. இப்ப நம்ம வேலையைப் பார்ப்போம்" என்று ரைசா டேப்பை விரித்தாள். மறுமுனையைப் பிடிக்கச் சாரதாமணி குனிந்தார். நாடி ஒன்றும் அறுந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அளவு உதைத்தது. வரைபடத்தில் பத்து எம்எம் கம்பி, கூரையில் கிடந்தது எட்டு எம்எம். ஆறு அங்குலத்துக்கு ஒரு கம்பி இருக்க வேண்டும், இருந்தது ஒன்பதுக்கு ஒன்று. கம்பியைப் பலகையைவிட்டுத் தூக்கி நிறுத்துகிற கவர் பிளாக் ஒன்றுகூட இல்லை.

"இப்படியே கொட்டியிருந்தா கம்பி கூரைக்கு அடியில வெளியே தெரிஞ்சிருக்கும். மழைத்தண்ணி பட்டுத் துருப்பிடிக்கும். கம்பியும் கம்மி. எத்தனை நாள் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் ரைசா.

சாரதாமணி திரும்பினார். "செம்பு ஒரு தடவையாச்சும் கம்பியப் பாத்து உறுமுச்சாங்க சுப்பண்ணா? பரிகாரம் விக்கறதுக்கு அது உறுமும். கம்பியத் திருடறதுக்கு டேப்பை ஆகாதுன்னு சொல்லும். அவருக்கு உப்பு யாவாரம், உங்களுக்குக் கம்பி யாவாரம். அந்த ஜார்க்கண்டுக்காரனுக்குத் தொடையெலும்பு. அப்படித்தானுங்களே?"

சுப்பண்ணன் ஏணிப் பக்கம் பார்த்தார். லிங்கசாமி இன்னும் காலை மடக்கவில்லை.

"என்ற மேலயுந்தான் தப்பு" என்றார் சாரதாமணி கூட்டத்தைப் பார்த்து. "ஊருக்கெல்லாம் பனியன் செக் பண்ணினேன். என்ற ஊட்டுக்குக் கன்னத்துல போட்டுக்கிட்டேன்."

சாமியும் சுப்பண்ணனும் அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள், வெள்ளைக் காரில் இல்லை. காங்கிரீட் நின்றது. கம்பியைப் பிரித்து, வேறு ஆள் வைத்துத் திரும்பக் கட்டி, ரைசா அளந்து கையெழுத்துப் போடப் பதினோரு நாள் ஆனது. அது திருமூர்த்தி வீட்டுக் கதை. சாமி நாடி பார்த்துக் கூரை போட்டு முடித்த வீடுகள் இன்னும் பதினாலு அங்கே இருக்கின்றன. உள்ளே என்ன கம்பி கிடக்கிறது என்று அவற்றின் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. சர்டிபிகேட்டில் அது இல்லை.

அந்தப் பதினாலு பேரில் ஒருவர், சாமி பிடிபட்ட மறுநாளே சாரதாமணியைத் தேடி வந்தார். பெரிய பனியன் கம்பெனி முதலாளி. முகத்தில் கலக்கம். ரைசாவின் நம்பரைக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்துச் சாரதாமணி போனை எடுத்தார். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க, இவரு போலிங்கறது சரி. நெசமாலுமே நாடி பாக்கற நல்ல சாமி வேற யாராச்சும் இருக்காங்களா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுன்னு வந்தனுங்க."

சாரதாமணி எடுத்த போனைத் திரும்ப வைத்தார்.

"இருக்குதுங்க. உங்க ரெண்டு காதுக்கும் நடுவுலதான் இருக்குது. தட்சிணையே வேண்டாமுங்க, ஒருக்கா உபயோகிச்சுப் பாருங்க, போதும்" என்றார்.