பதினான்கு மணி நேரத்தில் வராத தாய்மாமன்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

நெல்லிவாசல்நாட்டிலிருந்து சாமை விவசாயி விஜயராஜ் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாகத்தான் இருப்பீர்கள். அச்சடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன கவலை? நான் நலமில்லை.

போன மாதம் உங்கள் பயணப் பக்கத்தில், சென்னைக்கும் நியூசிலாந்திலுள்ள ஆக்லாந்துக்கும் பதினோராயிரத்து முந்நூறு கிலோமீட்டர், விமானத்தில் பதினான்கு மணி நேரம் என்று போட்டீர்கள். என் மனைவி ரேணுகாதேவியின் ஒரே தம்பி தங்கவேல் அங்கேதான் மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறான். என் மகள் புவனாவுக்குத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். அவனுக்கோ ஐந்தே நாள் லீவு. உங்கள் பதினான்கை நம்பி, விரல்விட்டு எண்ணி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் முகூர்த்தம் வைத்து ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். பிறகுதான் தெரிகிறது, அது உலகப் படத்தில் நூல் பிடித்து அளந்த தூரமாம், அப்படி நேராக வருகிற விமானமே கிடையாதாம்! தங்கவேல் சிங்கப்பூரில் ஒன்பது மணி நேரம் பெஞ்சைத் தேய்த்து, சனிக்கிழமை காலையில் சென்னையில் இறங்க வேண்டியவன் இரவில் வந்து இறங்கினான். இல்லாத விமானத்துக்கு நேரம் போட உங்களுக்கு யார் ஐயா சொன்னது? வாயில் நன்றாக வருகிறது, எழுத மாட்டேன்.

ஞாயிறு ஒன்பதரை ஆகியும் ஆளைக் காணோம். அவனுடைய வெளிநாட்டு சிம்மும் இங்கே வேலை செய்யவில்லை. "இன்னாங்க, நேரம் போவுதே" என்று ஆசாரி ஊசியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். "என் தம்பி வராம எம்பொண்ணு காதுல எவனும் கை வெக்கக் கூடாது" என்று ரேணுகா கத்துகிறாள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, தூரத்து உறவில் மாமன் முறையாகும் வடிவேலுவைப் பிடித்து உட்கார வைத்துக் குத்தி முடித்தோம். பதினொன்றரைக்குத் தங்கவேல் ஷேர் ஜீப்பிலிருந்து இறங்கினான். கையில் கம்மல். குழந்தையின் காதைப் பார்த்தான். "பரவால்ல மாமா" என்றான். அதற்கு அவன் என்னை அடித்திருக்கலாம். ரேணுகா நான்கு நாளாக என்னோடு பேசவில்லை.

ஆகவே அடுத்த இதழின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், புவனாவின் காதுகுத்து கெட்டதற்கு நாங்களே காரணம் என்று மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்காவது தாய்மாமன்கள் நேரத்தோடு வந்து சேர வேண்டுமென்று எங்கள் மலைத் தெய்வங்களை வேண்டிக்கொள்ளும்,
விஜயராஜ்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் ஜீப் ஓட்டும் வீரன் வந்தான். அன்று காலை ஆறு மணிக்கே தங்கவேல் திருப்பத்தூரில் அவன் ஜீப்பின் பின்சீட்டில் ஏறித் தூங்கிவிட்டானாம். "நீதானேண்ணா சொன்ன, ஃபாரின்லருந்து மச்சான் கோட்டு போட்டுக்னு வருவான், அவன் வராம வண்டிய எடுக்காதன்னு? லுங்கி கட்டிக்னு தூங்கறவருதான் அவருன்னு எனுக்கு இன்னா தெரியும்? ஒம்போதரை வரிக்கும் அவருக்குத்தான் காத்துக்னு இருந்தேன்!" என்றான். நல்லவேளை, ரேணுகா புளி உலுக்கப் போயிருந்தாள். ஐயா, மன்னிப்பை மட்டும் தவறாமல் போட்டுவிடுங்கள். அவள் உங்கள் இதழை ஒரு வரி விடாமல் படிப்பவள்.