ஒண்ணாந்தேதிக்கு முன்னால மூணு காலியிடம்

அன்னைக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பைத்தான்ல ஜூலை மாசக் காலண்டர் வர வைக்கணும். கம்ப்யூட்டர் சென்டர்ல கொடுத்த பயிற்சி.

எங்க ஊர் சிவகாசி. அப்பாவுக்குக் காலண்டர் அடிக்கிற பிரஸ்ல வேலை. நான் இதுல கோட்டை விடுவேனா?

மேல ஞாயிறு, திங்கள்னு கிழமை. கீழ வரிக்கு ஏழு தேதி. ஓட விட்டா, ஒத்தை இலக்கமும் ரெட்டை இலக்கமும் இடிச்சுக்கிட்டு, கம்பெனி வேன்ல ஏறுற கூட்டம் மாதிரி நின்னுச்சு!

"%3d போடும்மா. எல்லா எண்ணுக்கும் ஒரே அகலம் கிடைக்கும்"னாரு சார்.

போட்டேன். ஆகா! நூல் புடிச்ச மாதிரி நேரா நின்னுச்சு! குதிச்சேன். பிரிண்ட் எடுத்துட்டு வீட்டுக்கு ஓடுனேன்.

"ஏம்புள்ள கம்ப்யூட்டர்ல போட்டது!"ன்னு அப்பா, வீட்டுல இருந்த அத்தனை காலண்டரையும் கழட்டிப் பரண்ல போட்டுட்டு, என்னோடத மாட்டுனாரு.

அந்த வாரமே விருதுநகர்ல இருந்து மாப்பிள்ளை வீட்டு போன். "ஆடி பொறக்க முன்ன, பதினஞ்சாந்தேதி பொண்ணு பாக்க வாரோம்."

அம்மா சுவத்தைப் பாத்தாங்க. "ஞாயித்துக்கிழமை! நல்லதாப் போச்சு."

எனக்கு மாப்பிள்ளையைப் போட்டோவுலயே பிடிச்சுப் போச்சு. வெளிய சொல்லல.

ஞாயித்துக்கிழமை கேசரி, வடை, பட்டுச்சேலை, தலை நிறைய மல்லி. ஒருத்தரும் வரல! "வேணாம்னா ஒரு போன் போட்டுச் சொல்லக் கூடாதா?"ன்னு அம்மா திட்டித் தீத்தாங்க. நான் அழுதுக்கிட்டே கேசரியைத் தின்னேன்.

புதன்கிழமை. தலையில எண்ணெய் வழியுது, பழைய நைட்டியில துணி அலசிக்கிட்டிருக்கேன். வாசல்ல ஒரு வேன். பதினோரு பேரு!

"ஞாயித்துக்கிழமை வருவீகன்னுல்ல இருந்தோம்?"னு அம்மா பதறுனாங்க.

"பதினஞ்சுன்னுதான சொன்னோம்? இன்னைக்குத்தான் பதினஞ்சு"ன்னாரு மாப்பிள்ளையோட அப்பா.

அம்மா சுவத்தைக் காட்டுனாங்க. மாப்பிள்ளை கிட்டப் போய்ப் பாத்தாரு. "இந்த மாசம் ஒண்ணாந்தேதி புதன்கிழமை. இதுல ஞாயித்துக்குக் கீழ நிக்குதே?"

அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. வரிசை நேரா நின்ன சந்தோசத்துல, மொத வரியில மூணு இடம் காலியா விட மறந்துட்டேன்! மாசம் முழுக்கத் தப்பான கிழமையில நேரா நிக்குது.

"யாரு போட்டது?"ன்னாரு மாப்பிள்ளை.

நாட்டுக்கே காலண்டர் அடிக்கிற எங்க அப்பா, கொஞ்சமும் யோசிக்காம என்னையக் கை காட்டுனாரு. "ஆனா வரிசை எம்புட்டு நேரா இருக்கு பாத்தீகளா?"

மாப்பிள்ளை சிரிச்சாரு பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. நான் நைட்டி மேல துண்டைத் தேடிப் போடுறதுக்குள்ள, "எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு"ன்னுட்டாரு.

முகூர்த்த நாளை மட்டும் பரண்ல கெடந்த காலண்டரை எறக்கிப் பாத்துக் குறிச்சோம்.