டிக் டிக் மட்டும் வரவே கூடாது

அன்பும் மரியாதையும் கலந்து மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகள் எழுதுவது. தெருவே அடங்கிப்போன இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். போனில் பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டால் அது நியாயம்தான். போனை எடுத்தால் உங்கள் மகன் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பார், அது ஒன்று. என் வாய் இப்போது வேறொரு வேலையாக இருக்கிறது, அது இரண்டு. என்ன வேலை என்பதைப் பிறகு சொல்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு கைதான் காலியாக இருக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நீங்கள் வேளைக்கு மாத்திரை போடுகிறீர்களா? இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்கள் எப்போதும் எங்களுக்கு முன்னால் விசாரிப்பதை நானே சொல்லிவிடுகிறேன்: ஷெட்டில் நிற்பதும் நலம்.

அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் பேரன் பிறந்தபோது, "தாத்தாவோட பரிசு" என்று அந்தப் பழைய ஜீப்பை நீங்களே ஓட்டி வந்து வாசலில் நிறுத்திவிட்டு, சாவியைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போனீர்கள். மற்ற தாத்தாக்கள் கிலுகிலுப்பை வாங்கிக் கொடுப்பார்கள். நான் குறை சொல்லவில்லை. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், மலைகூட ஏறும் என்றீர்கள், ஏறும்தான். ஆனால் பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஓடுகிறது. முன்விளக்கைப் போட்டால் டீசல் முள் குஷியாக எழுந்து டேங்க் நிறைந்துவிட்டது என்கிறது, அதை நம்பி உங்கள் மகன் இரண்டு முறை நடுரோட்டில் நின்றார். இடது பக்கம் திருப்பினால் தானாக ஹாரன் அடிக்கிறது. எங்கள் தெருமுனை மருந்துக்கடை இடது பக்கத் திருப்பத்தில் இருப்பதால், தன்னைத்தான் கூப்பிடுகிறோம் என்று கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் எழுந்து வருகிறார். அவர் முகத்துக்காகவே தேவையில்லாமல் எவ்வளவு பஞ்சு வாங்கி வைத்திருக்கிறேன் தெரியுமா.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் மாமா. பொறுக்க முடியாதது வேறு. சாவியை ஒரு திருப்புத் திருப்பினால் போதும், எஞ்சின்கூட ஓட வேண்டாம், யாரும் தொடாமலே வலது இன்டிகேட்டர் அடிக்க ஆரம்பித்துவிடும். டிக் டிக், டிக் டிக். உங்கள் பேரன் அந்தச் சத்தத்துக்குத்தான் தூங்குகிறான். நான் இயற்பியல் படித்தவள். இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை சூடானால் வளையும், ஆறினால் நிமிரும், அந்தத் தட்டல்தான் அது என்று பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். அது தாலாட்டு என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை. நான் பாடுகிறேன், ஆட்டுகிறேன், முதுகைத் தட்டுகிறேன், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து தரை தேய்கிறது, பிள்ளை என் முகத்தைப் பார்த்து மனு வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி அழுகிறான். உங்கள் மகன் வருகிறார், "குடு இங்க" என்று வாங்கிக்கொண்டு போய் முன்சீட்டில் கிடத்திச் சாவியைத் திருப்புகிறார். ஒரு கொட்டாவி, அவ்வளவுதான். "பாத்தியா, ரெண்டே நிமிஷம்" என்கிறார். "பத்து மாசம் சுமந்தது நானா, அதுவா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "நீதான் சுமந்த, யாரு இல்லைன்னா. ஆனா அது எட்டு பேரைச் சுமக்கும்" என்றார்.

உள்ளே அவன் பஞ்சு பிதுங்கிய சீட்டில் கன்னத்தை வைத்துச் சொகுசாகத் தூங்குவான். வெளியே ஸ்டூல் போட்டு, மடியில் மணல் வாளியோடு நான் காவல். அந்த வயரிங் வெறும் வயரிங் இல்லையே, எந்த நிமிஷமும் நெருப்பாகலாம் என்ற பயம் எனக்கு. என் பிள்ளை அடுத்தவள் மடியில் தூங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கும். அப்புறம் போன வாரம் அவன் முதல் வார்த்தை பேசினான். வாய் 'ம்'முக்குக் குவிகிறது என்று நான் மண்டி போட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். ஷெட்டைக் கைகாட்டி "டிக்கா" என்றான். உங்கள் மகன் உடனே உங்களுக்குப் போன் போட்டார், அந்தப் பக்கம் நீங்கள் சந்தோஷத்தில் அழுதீர்களாம். இந்தப் பக்கம் நானும் அழுதேன். காரணம் வேறு.

வயிற்றெரிச்சல் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு எரிந்த அதே வாரத்தில் அதற்கும் எரிந்தது. சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து நூல் மாதிரி புகை. நான் பிள்ளையை ஒரு கையில் அள்ளிக்கொண்டு குதித்தேன், இன்னொரு கையால், எங்கே போனாலும் வண்டியில் கூடவே வரும் அந்த வாளியை எடுத்து மணலை வீசினேன். புகை நின்றது. உங்கள் மகன் அன்றைக்கு அலுவலகத்தில் முக்கியமான கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போய்க்கொண்டிருந்தார் என்பதை அந்த அவசரத்தில் யார் நினைத்தார்கள். தலையிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டே, "சரி, வயரிங்கை மாத்திடலாம்" என்றார். மணலுக்கு இருக்கிற மரியாதை என் பேச்சுக்கு இருந்ததில்லை.

வந்த எலக்ட்ரீஷியனை எல்லோரும் 'எர்த்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எதைக் காட்டினாலும் "எர்த் கிடைக்கலைங்க" என்பார். பழைய வயரை முழுசாக உருவி ஷெட்டுத் தரையில் குடல் மாதிரி பரப்பிவிட்டார். எலி கடித்த இடமெல்லாம் டேப், டேப்புக்கு மேல் டேப், ஓரிடத்தில் தோள் பையின் வார். "யாருங்க இந்த வேலை பாத்தது? உயிரோட இருக்காரா?" என்று கேட்டார். நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை மாமா, உங்கள் மகன்தான் சொன்னார். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்திருந்தது. நீங்கள் சிகரெட்டை விட்டு ஏழு வருஷமாகிறது என்று அத்தை பெருமையாகச் சொல்வார்கள். தாள் பளபளவென்று புதுசாக இருந்தது. நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

இனி முக்கியமான விஷயம். உங்கள் மகன் டேப் வாங்கப் போன நேரம் பார்த்து எர்த் அண்ணனிடம் போனேன். "அண்ணா, எல்லாம் புதுசா போடுங்க. அந்த டிக் டிக் மட்டும் வரவே கூடாது" என்றேன்.

"சத்தமில்லாத ஃபிளாஷர் இருக்கும்மா, போட்டுடலாம். ஆனா சத்தம் இல்லன்னா இன்டிகேட்டர் அடிக்குதான்னு ஓட்டறவருக்குத் தெரியாதே."

"தெரிய வேண்டாம்."

டிக் டிக் அடிக்கிற பழைய ஃபிளாஷரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த மாதிரி அடிக்கறது இப்போ கடையில கிடைக்காதும்மா, யோசிச்சுக்கோங்க" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? காயலான் கடைக்குப் போகிற சாக்குப்பையில் நானே போட்டேன்.

இன்று சாயங்காலம் வேலை முடிந்தது. பிரேக் பிடித்தால் பிரேக் மட்டும் பிடிக்கிறது. ஹாரன் கேட்டால் அடிக்கிறது. பிள்ளையைச் சீட்டில் கிடத்தி உங்கள் மகன் சாவியைத் திருப்பினார், இன்டிகேட்டரையும் போட்டார். வெளிச்சம் மட்டும் வந்து வந்து போனது. உங்கள் பேரன் காத்திருந்தான். எழுந்து உட்கார்ந்து டேஷ்போர்டில் காதை வைத்துப் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் போட்ட சத்தத்துக்கு மருந்துக்கடைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். "எர்த் சரியா கிடைக்கலையோ" என்று உங்கள் மகன் குனிந்து தேடினார். "குடுங்க இங்க" என்று வாங்கினேன். ரெண்டே நிமிஷம். இதோ, என் தோளில்தான் தூங்குகிறான். எப்படி என்று கேட்காதீர்கள்.

ஆகவே மாமா, தயவுசெய்து அந்த ஜீப்பை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். புது வயரிங்கோடு தருகிறேன். நீங்கள் சொன்னால்தான் உங்கள் மகன் கேட்பார். அத்தை சொல்வது போல, உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் அந்தத் தகரப் பெட்டியையும், அதில் நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் பழைய ஃபிளாஷர், பல்பு, போல்ட்டு எல்லாவற்றையும் தலையைச் சுற்றி எறிந்துவிடுங்கள்.

உங்கள் இருவர் ஆசியும் எங்கள் மூவருக்கும் குறைவில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள மருமகள்

பி.கு.: மேலே எழுதியதை மடித்து வைத்து வெகு நேரமாகிறது. ஜீப்பை எடுத்துப்போக வேண்டாம். பெட்டியை எறிய வேண்டாம். என் வாய்க்கு என்ன வேலை என்றேன் அல்லவா, அது இதுதான்: மேல்வாயில் நாக்கைத் தட்டி டிக் டிக், டிக் டிக். விளக்குப் போட்ட நேரத்திலிருந்து தட்டுகிறேன். நிறுத்தினால் அவனுக்கு ஒரு கண் திறக்கிறது. உங்கள் மகன் வந்து "சாப்பிட்டியா?" என்றார். டிக் டிக் என்றேன். "எந்தப் பக்கம் திரும்பப் போற, இடதா வலதா?" என்று கேட்டார். முறைக்கத்தான் முடிந்தது. போய்ப் படுத்தார், இந்தச் சத்தத்துக்கு அவரும் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் தூக்கம், என் நாக்குக்கு மட்டும் இல்லை. பெட்டியில் இருக்கும் அந்தப் பழைய ஃபிளாஷரைப் பஞ்சில் சுற்றி உடனே என் பெயருக்குப் பார்சல் செய்யுங்கள், அவர் பெயருக்கு வேண்டாம். பஞ்சு இல்லையென்றால் சொல்லுங்கள், இங்கே நிறைய இருக்கிறது. அத்தைக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டாதீர்கள், படித்தால் வெள்ளித்தாள் வரைக்கும் படிக்க வேண்டியிருக்கும். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஃபிளாஷர் வந்தாலும் பகல் தூக்கத்துக்குத்தான் அது. ராத்திரிக்கு நான். சீக்கிரம் பதில் போடுங்கள்.