கறுப்புத் தகடும் இருபது நாளும்

கஹவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஷாமிளாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். நீயும் உன் பேராசிரியரும் சுகமாக இருக்க வேண்டும். அவர் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும், கையெழுத்துப் போடுகிறவர் அவர்தானே. போனில் சொல்லலாமே என்பாய். அந்தப் போத்தல் இருக்கிற வீட்டில் அதைப் பற்றிச் சத்தமாகப் பேச எனக்குத் துணிவில்லை.

நீ படிக்கிற கம்பஸ் மூடிக் கிடந்தபோது குசினியில் கொண்டுவந்து வைத்த காரத் தண்ணீர்ப் போத்தலும் அதற்குள் இருக்கிற கறுப்புத் தகடும் அப்படியே இருக்கின்றன. கரண்ட் பாய்ந்து தண்ணீர் வாயுவாகப் பிரிவதற்கு அந்தக் கறுப்புப் பூச்சுத்தான் கைகொடுக்கிறது, இருபது நாள் சளைக்காமல் குமிழி விட்டால் பட்டம், குமிழியை எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள், வயர் பக்கமே போகாதீர்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கம்பஸ் திறந்ததும் ஓடிவிட்டாய். முப்பது வருடம் தோட்டத்து ரப்பர் பாலைத் தராசில் நிறுத்தவன் ஒரு போத்தலைப் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்று நானும் மார்தட்டினேன். முதல் நாளே ஒன்று கண்டேன். வாய்விட்டு எண்ணினால் குமிழி நின்றுவிடுகிறது. மனசுக்குள் எண்ணினால் வருகிறது. சரி, அதற்கும் ரோஷம் இருக்கும் என்று மனசுக்குள்ளேயே எண்ணிக் கொப்பியில் எழுதினேன். வெள்ளிக்கிழமை நான் கடைக்குப் போன நேரம் உன் அம்மா தகட்டை இடுக்கியால் எடுத்து, குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று திரும்பப் போட்டிருக்கிறாள். "நாளும் கெழமையுமா வீட்ல கறுத்த சாமான் இருக்கலாமாங்க? புள்ளையோடதாச்சேன்னு நல்லா வெளக்கினேன்" என்கிறாள். தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து டொக்டர் பட்டம் வாங்கப்போகிற முதல் பிள்ளையின் நாலு வருட உழைப்பு ஒரு உருண்டைப் புளியில் போய்விட்டதே! விடிந்து பார்த்தால் தகடு முன்னைவிடக் கறுப்பு, குமிழி முன்னைவிட வேகம். சீனி கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் சுதாகரன் குனிந்து காது வைத்தான். "அண்ணே, உள்ளுக்கு யாரோ மூச்சு விடுறாங்கண்ணே" என்றவன் சீனியை வாங்காமலே போய்விட்டான். அப்புறம் மண் சரிந்து கம்பம் விழுந்து இரண்டு நாள் தோட்டத்துக்கே கரண்ட் இல்லை. போத்தல் மட்டும் வேலையை நிறுத்தவில்லை. கொஞ்சம் கரண்டை உள்ளே சேர்த்து வைத்திருக்குமாக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பயமாகத்தான் இருக்கிறது மகள். ஆனால் பெருமை அதைவிடப் பெரிதாக இருக்கிறது. இன்றோடு இருபது நாள் முடிந்தது. நீ ஜெயித்துவிட்டாய்.

கதிர்காமக் கந்தன் உனக்குப் பட்டத்தையும் உன் பேராசிரியருக்கு நல்ல மனசையும் கொடுக்கட்டும். அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். புளி விஷயத்தை எழுத வேண்டாம் என்றும் சொன்னாள்.

இப்படிக்கு,
அன்பு அப்பா ஏழுமலை.

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் உன் கடைசிக் கட்டளை ஞாபகம் வந்தது: இருபது நாள் முடிந்ததும் முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அதன் நுனி மாவு டின்னுக்குப் பின்னால் தரையில் கிடக்கிறது, தூசி படிந்து. "அவ போன அன்னிக்கே ரைஸ் குக்கருக்காகக் கழட்டினேங்க. அனே, ஐயோ, திரும்ப மாட்ட மறந்தே போச்சு" என்று அம்மா அழுகிறாள். ஆகவே நான் எழுதிய கொப்பி உனக்கு உதவாது. மேலே எழுதியதும் உதவாது. எங்களை மன்னித்துவிடு. குமிழி இப்போதும் வருகிறது. எதைக் கழற்றினால் நிற்கும் என்று மட்டும் உடனே எழுது.