ஊக்கம் ஆறு ராத்தல்

நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தவருக்கு உலகம் சிலை வைத்துவிட்டது. ஆனால் மனிதனின் ஊக்கத்தைத் தராசில் நிறுத்து உலகத்துக்கே வழிகாட்டிய கீரனூருக்கு இன்றுவரை ஒரு பெயர்ப்பலகைகூட வைக்கவில்லை. நன்றிகெட்ட உலகம்.

ஐம்பத்தாறாம் வருஷத் தை மாதம் வரை ஆவுடையப்பன் ரைஸ் மில்லில் அறுபது பேர் வேலை செய்தார்கள். வெறுமனே வேலை செய்தார்கள், அவ்வளவுதான். தங்களுக்கு 'நிர்வாகம்' தேவைப்படுகிறது என்பதுகூட அந்தப் பாமரர்களுக்குத் தெரியாது. நெல்லை அவித்தார்கள், காயவைத்தார்கள், அரைத்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். இந்தப் பரிதாப நிலையைப் போக்கத்தான் முதலாளி ஆவுடையப்பன் சென்னையிலிருந்து ஆத்மநாதனை அழைத்து வந்தார். ஆத்மநாதன் பன்னிரண்டு வாரம் 'ஆள் நிர்வாகம்' படித்தவர். பதின்மூன்றாவது வாரம் இருந்திருந்தால் ஆட்களையும் பார்த்திருப்பார்.

வந்த மறுநாளே மில் வாசலில் தொழிலாளர் ஆலோசனைகளுக்கென்று ஒரு தகரப் பெட்டியை மாட்டினார். மேலே ஒரு வாய், கீழே ஒரு பூட்டு. லாரிக்கு அடித்தது போக மிச்சமிருந்த சிவப்புப் பெயிண்டைப் பூசினார்கள். பிறகு ஆத்மநாதன் ஒரு மணி நேரம் செந்தமிழில் பேசினார்.

"தொழிலாளத் தோழர்களே, தங்கள் உள்ளக்கிடக்கை எதுவாயினும் எழுத்து வடிவில் இப்பேழையில் இடுவீர்களாக."

பாய்லர்காரர் சேவுகன் முன்வரிசையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். எழுத்து, இடுவது என்ற இரண்டு மட்டும் பிடிபட்டன. பெட்டியோ சிவப்பு. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

"மொதலாளிக்கு நல்ல மனசுப்பா," என்றார் பக்கத்தில் நின்ற பெரியண்ணனிடம். "இனி கடுதாசி போட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்க வேணாம். இங்கிட்டே தபால் பெட்டி வச்சுட்டாங்க."

அறுபது பேரும் அதைத் தபால் பெட்டி என்றே நம்பிக் கடிதம் போட ஆரம்பித்தார்கள். பதில் வராதபோதெல்லாம், கடல் தாண்டிப் போன கடிதம் சீக்கிரம் திரும்புமா என்று தங்களையே தேற்றிக்கொண்டார்கள்.

மாதப் பிறப்பன்று பெட்டியைப் பூட்டோடு இறக்கித் தராசில் வைப்பார் ஆத்மநாதன். சாக்கு எடையைக் கழிப்பதுபோலத் தகரத்தின் எடையைக் கழிப்பார். மிச்சம்தான் தொழிலாளரின் ஊக்கம் என்று கரும்பலகையில் எழுதுவார். 'ஊக்கம்: கால் ராத்தல்.' அடுத்த மாதம் அரை ராத்தல். முதலாளி அந்தப் பலகை முன்னால் நின்று காபி குடித்தார். ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. அந்த மாதம் ஊக்கம் இரட்டித்தது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை, ஆத்மநாதனுக்குச் சம்பளத்தை உயர்த்தினார்.

அந்த ஐப்பசியில்தான் சேவுகனும் ஒரு கார்டு போட்டார். மகள் செவந்தியை அறந்தாங்கியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல பையன், சொந்த நிலம், குடிப்பழக்கம் கிடையாது. செவந்திக்கும் பிடித்திருந்தது. "ஐப்பசி முடியறதுக்குள்ள சம்மதம்னு ஒரு வரி எழுதுங்க. வரலைன்னா ஒங்களுக்கு இஷ்டமில்லைன்னு எடுத்துக்குறோம். தையில கல்யாணத்தை முடிக்கணும்," என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லியிருந்தார். சேவுகன் 'பூரண சம்மதம்' என்று எழுதி, கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போட்டார்.

கார்த்திகை பாதி போயும் பதில் இல்லை. முதலாளிக்குத் தபால் கொண்டுவந்த கண்ணுசாமியைச் சேவுகன் வாசலில் மறித்தார்.

"எனக்கு அறந்தாங்கியிலேருந்து ஒண்ணும் வரலையா?"

"எங்கிட்டு போட்டீங்க?"

"இதுலதான்."

கண்ணுசாமி பெட்டியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். "அண்ணே, இது எங்க டிபார்ட்மென்ட் பெட்டி இல்லண்ணே."

சேவுகன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. ஆத்மநாதனிடம் ஓடினார்.

"சார், அந்தப் பெட்டியைக் கொஞ்சம் தொறங்க. எம் மக கல்யாணம் உள்ள கெடக்குது."

"எவ்வளவு உயர்ந்த ஆலோசனையை அளித்திருக்கிறீர்," என்றார் ஆத்மநாதன் நெகிழ்ந்து.

"ஆலோசனை இல்லீங்க, கார்டு."

"இட்ட பின் அது ஊக்கம். நடுவில் திறந்தால் எடை குறையும். எடை குறைந்தால் நீர் சோர்ந்துவிட்டதாக அர்த்தம். நீர் சோர்ந்துவிட்டீரா?"

"ஆமாங்க."

"பலகையில் அப்படி இல்லையே," என்றார் ஆத்மநாதன்.

பாய்லரை விட்டு நகரச் சேவுகனுக்கு லீவு கிடையாது. மனைவி சின்னப்பிள்ளையை மறுநாளே பஸ் ஏற்றி அனுப்பினார். அவள் இருட்டும் நேரம் திரும்பி வந்தாள். "பதில் இல்லைன்னதும் கார்த்திகை மொத முகூர்த்தத்துல வேற எடத்துல பாக்கு மாத்தி நிச்சயம் பண்ணிட்டாங்களாம். ஒரு வரி எழுத ஒங்க வீட்டுக்காரருக்குக் கை வலிச்சுதாம்மான்னு கேட்டாங்க," என்றாள். செவந்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை. சேவுகன் பாய்லருக்கு முன்னால் நின்று அழுதார். வேர்வை என்று நினைத்து யாரும் விசாரிக்கவில்லை. அந்த மாதமும் மழை விடவில்லை, பலகையில் ஊக்கம் ஏறியது.

தையில் ஆண்டு விழா. பந்தல், மாலை, ஒலிபெருக்கி. எல்லாரும் பார்க்க நிறுத்ததில் ஆறு ராத்தல். கைதட்டல் அடங்கியதும் முதலாளி தம் கையால் பூட்டைத் திறந்தார். ரங்கூனுக்குக் கடிதம், கொழும்புக்குக் கடிதம், ஈப்போவுக்குக் கடிதம், கறம்பக்குடிக்குக் கார்டு. ஆலோசனை ஒன்றுகூட இல்லை.

முதலாளியின் முகம் மாறியது. ஆனால் மேதைகள் தடுமாறுவதில்லை. ஆத்மநாதன் ஒரு கடிதத்தைப் பிரித்தார். இன்னொன்றைப் பிரித்தார். ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டார்.

"கேளுங்கள். 'இங்கு யாவரும் நலம்.' இதிலும், 'இங்கு யாவரும் நலம்.' நமது தொழிலாளர் நூற்றுக்கு நூறு நலம் என்பதற்கு அவர்கள் கைப்படவே ஆதாரம்."

பந்தல் அதிரக் கைதட்டினார் முதலாளி. கூட்டம் முண்டியடித்து அவரவர் கடிதத்தைத் தேடியது. சேவுகனின் கார்டு அடியில் ஒட்டிக்கிடந்தது. மழையில் மையெல்லாம் ஓடி 'பூரண' மட்டும் மிஞ்சியிருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் மேடை ஓரம் வந்தார். விருந்தாளிகள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"மொதலாளி, நெல்லுன்னா நிறுக்கறதுக்கு முன்னாடி ஒரு பிடி அள்ளிப் பாப்பீங்க. எங்களை அப்படிக்கூட நீங்க பாக்கலீங்க."

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, சேவுகனின் தோளில் கை போட்டார்.

"ஆத்மநாதன், ஒரு வருஷத்துல இதுதான்யா மொத ஆலோசனை," என்றார். பிறகு பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சேவுகா, அதை அப்படியே எழுதி உள்ள போடு."