டோரீனைத் தூக்குவது குறித்து

மானுட குலத்தின் முன்னேற்றத்துக்கு ஒஹையோ மாநிலம் அளித்த கொடைகளில் தலையாயது, கிளீவ்லாந்தின் மேற்குப் புறத்தில் உள்ள எங்கள் உடற்பயிற்சிக் கூடம். அதன் செயலாளன் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடு அறிவிக்கிறேன்.

மற்ற இடங்களில் பஸ்கி எடுக்கிறார்கள். நாங்கள் பஸ்கியைப் பற்றிச் 'சிந்திக்கிறோம்'. அதனால் எங்களிடம் இரண்டு கட்சிகள். பார்பெல் என்ற எடைத்தண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிலும் சாயாமல் உட்கார்ந்து எழுபவர்கள் சுதந்திரக் கட்சி. தலைவர் காரி நோவாட்னி, கூரை போடும் கான்ட்ராக்டர். மெஷினில் முதுகைச் சாய்த்து, தண்டவாளத்தில் ஓடும் எடையைத் தள்ளுபவர்கள் இயந்திரக் கட்சி. தலைவர் டேல் ஹட்சின்ஸ், பல் டாக்டர். இருவரின் தொடைகளும் தனியாக வாக்குரிமை கேட்கும் அளவுக்கு வளர்ந்தவை. நான் நடுநிலை. அதாவது, எதையும் தூக்காத நிலை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மாலை, டேலை அழைத்துப்போக அவர் மனைவி டோரீன் காரில் வந்தார். வாசலில் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. உப்புத் தூவும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருந்தோம். டோரீன் வழுக்கி விழுந்தார். இடது கணுக்கால் பிசகிவிட்டது.

தலைவர்கள் இருவரும் ஓடிவந்தார்கள். நானும் 'கலந்துகொண்டேன்'.

"டேல், கையக் குடு" என்றார் டோரீன்.

"இரு கண்ணு, அசையாதே. இத முறையாச் செய்யணும்."

காரி குனிந்தார். டேல் பாய்ந்து தடுத்தார். "யோவ், முதுக வளைச்சு என் பொண்டாட்டியத் தூக்காதே! இதுக்குத்தான் சாய்மானம் வேணும்ங்கறேன்."

"பனியில ஏதுய்யா சாய்மானம்? மெஷின விட்டு இறங்கினா உங்காளுங்களுக்கு ஒரு மளிகைப் பையத் தூக்க வராது. உடம்பு தன்னைத் தானே நிறுத்திக்கணும். அதான் பலம்!"

"ஆமாமா, போன வருஷம் உன் இடுப்பு நிறுத்திக்கிச்சே. நேரா படுக்கையில."

"நீ தூக்குற எடையில பாதிய அந்தத் தண்டவாளம் தூக்குது, டேல்!"

"தொடைக்கு அது தெரியுமா?"

ஆழமான கேள்வி. நான் மெய்சிலிர்த்தேன்.

"எனக்குக் குளிருது" என்றார் டோரீன்.

"கேட்டியா காரி? குளிர்ந்த தசையோட பாரம் தூக்கக்கூடாது."

"சரிதான். முதல்ல வார்ம்-அப்."

கட்சிகளுக்கிடையே ஏற்பட்ட முதல் ஒற்றுமை! இருவரும் நின்ற இடத்திலேயே குதிக்கத் தொடங்கினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டோரீன் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது வாங்களேன்."

"நான் நடுநிலைங்க. கை குடுத்தா ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிடும்."

டோரீன் தானே காரின் பம்பரைப் பற்றி, வலது காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார்.

"பிடிச்சுக்கிட்டு எழுந்தா! இது மெஷின் வகை!" என்று கூவினார் டேல்.

"பம்பர் ஆடுதுய்யா! சுதந்திர வகைதான்!" என்றார் காரி.

இருவரும் என் தீர்ப்புக்காகக் காத்து நின்றார்கள். அதற்குள் டோரீன் நொண்டியபடியே போய் காரில் ஏறிக் கதவைப் பூட்டிவிட்டார். டேல் கண்ணாடியைத் தட்டினார்.

"கண்ணு, நான் எப்படி வீட்டுக்கு வர்றது?"

கண்ணாடி கொஞ்சம் இறங்கியது.

"மூணு பேருமா ஆறு கால் வளத்து வெச்சிருக்கீங்களே, நடந்து வா. கைதான் ஒருத்தருக்கும் மொளைக்கவே இல்ல."