இடுப்பையாவின் நீலக் கயிறு

மெத்தைக் கடையின் மாடிப்படியில் விடிந்ததிலிருந்து வயிறுகள் வரிசையில் நின்றன. ஒவ்வொரு வயிற்றுக்கும் பின்னால் ஒரு முதுகு வலி, பக்கத்தில் ஓர் அம்மா அல்லது மாமியார். மேலே இடுப்பையா உட்கார்ந்திருக்கிறார். அவர் மந்திரித்துத் தரும் நீலக் கயிற்றை இடுப்பில் கட்டினால் பிள்ளைத்தாய்ச்சியின் முதுகு வலி பறந்துவிடுமாம். போன மாதம் கட்டியவளுக்குப் பிள்ளை பிறந்ததுமே வலி போய்விட்டதாம். இதைவிடச் சாட்சி வேறு என்ன வேண்டும்?

கயிற்றோடு ஒரு கட்டளையும் உண்டு. பிள்ளை பிறக்கும்வரை நடக்கக் கூடாது, குனியக் கூடாது, படுத்தே கிடக்க வேண்டும். இதைக் கேட்க எல்லோரும் மூச்சு வாங்க மாடியேறி வரவேண்டும், அது வேறு கதை. படுத்துக் கிடக்க நல்ல மெத்தை வேண்டுமே? கீழேயே கிடைக்கும். கடைக்காரர் இடுப்பையாவின் மச்சான்.

வரிசையில் ஏழு மாதத் தையல்காரி ஒருத்தியும் மாமியாரோடு நின்றாள். நாளெல்லாம் தையல் மெஷினின் முன் குனிந்து வந்த வலி அவளுக்கு. ஆஸ்பத்திரி நர்ஸ் அவளைப் பரிசோதித்துவிட்டு, தினமும் கொஞ்சம் நடக்கவும், நாலு காலில் நின்று பூனைபோல முதுகை வளைத்து நிமிர்த்தவும் சொல்லியிருந்தார். செய்தாள், வலியும் தணிந்தது. அதைப் பார்த்துவிட்ட மாமியார்தான் பதறிப்போய்த் தடுத்தார்.

மாமியார் பொல்லாதவர் இல்லை. அவருடைய முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. நீ சந்தைக்கு நடந்து போனாயே, அதனால்தான் என்று அன்று ஊரே சொன்னது. அந்தப் பழியை இன்றுவரை சுமந்துகொண்டிருந்தார். அதனால் மருமகளுக்குக் கயிறும் மெத்தையும் வாங்கிக் கொடுத்துப் படுக்கவைத்தார். படுத்துப் படுத்து அவள் முதுகு பலகையாகிவிட்டது. கழிவறைக்கு எழுந்திருப்பதே பெரும் பாடு. வலி கூடிவிட்டதே என்று இன்று கேட்க வந்தால், இடுப்பையா சிரித்தார்.

"வலி வெளிய வருதும்மா. இன்னொரு கயிறு கட்டினா முழுசா வந்துடும்."

சந்தேகப்படுகிறவர்களுக்கு அவரிடம் ஒரு சோதனை இருந்தது. கர்ப்பிணியைத் தொடமாட்டார், கூட வந்தவரை நிறுத்துவார். மாமியார் ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டினார். வெறுங்கையை அவர் அழுத்தியதும் மாமியார் தள்ளாடினார். அந்தக் கையில் கயிற்றைக் கொடுத்து அழுத்தினார், மாமியார் தூண்போல நின்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தையல்காரியின் கண் மட்டும் அவர் விரலிலேயே இருந்தது. முதல் தடவை மணிக்கட்டைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்து அழுத்தினார். இரண்டாம் தடவை முழங்கைக்குப் பக்கத்தில் உடம்போடு சேர்த்து அழுத்தினார். அவள் மிகவும் பணிவாகக் கேட்டாள்.

"கயித்தோட சக்தி சுவரையே துளைக்கும்னு சொன்னீங்களே ஐயா. துணிப்பையைத் துளைக்காதா?"

அத்தனை பேர் முன்னால் துளைக்காது என்று சொல்ல முடியுமா? துளைக்கும் என்று தலையாட்டிவிட்டார். மூலையில் தொங்கிய திரைக்குப் பின்னால் போன தையல்காரி, ஒரு சின்னப் பையை முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்தாள். உள்ளே என்ன என்று மாமியாருக்கும் தெரியாது. இடுப்பையா பையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். கயிறாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி முழங்கைப் பக்கம் அழுத்தினார். மாமியார் அசையவில்லை.

"பாத்தீங்களா? இதான் கயிறு."

முடிச்சை அவிழ்த்தார்கள். உள்ளே பிறக்கப் போகும் பிள்ளைக்குத் தைத்த காலுறை ஒன்று இருந்தது.

கயிற்றின் வாசம் அதில் ஒட்டியிருக்கிறது என்றார் இடுப்பையா. சரி, இன்னொரு தடவை என்று அவள் மறுபடி திரைக்குள் போய்வந்தாள். இந்தத் தடவை ஏமாறக் கூடாதென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தார். மாமியார் தடுமாறினார். வெறும் பை என்று அறிவித்தார் அவர். அவிழ்த்ததும் அவள் இடுப்பிலிருந்த நீலக் கயிறு பல்லிளித்தது.

முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. இடுப்பையாவுக்குத் திடீரென்று தியான நேரம் வந்துவிட்டது. கீழே மச்சான் கடைக் கதவைச் சாத்தினார்.

மாமியார் சிரிக்கவில்லை. படியிறங்கும்போது பாதியில் நின்றார்.

"அப்ப அன்னிக்கு... நான் நடந்ததால இல்லையா?"

"இல்ல அத்தை. நர்ஸ்கிட்டயும் கேட்டேன். சந்தைக்கு நடந்ததுக்கெல்லாம் பிள்ளை போகாதுன்னாங்க."

மாமியார் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. வீட்டுக்கு நடந்தே போகலாம் என்று அவரே சொன்னார்.

வாசலைத் தாண்டும்முன் ஒரு கர்ப்பிணி பின்னாலேயே ஓடிவந்து, அந்தக் காலுறை எங்கே கிடைக்கும், இடுப்பில் எந்தப் பக்கம் கட்ட வேண்டும் என்று பயபக்தியோடு கேட்டாள்.

தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "காலுறையில ஒண்ணும் இல்லக்கா. டாக்டரைக் கேட்டுட்டு நடங்க. நடக்கறப்ப கொஞ்சம் யோசிங்க."

முதுகை வளைப்பது நல்ல பயிற்சிதான். மெத்தை விற்கிறவன் முன்னால் அறிவைப் படுக்கப்போடாமல் இருந்தால் போதும்.